பதினைந்தாவது துளை

"பிளட்!"

ட்ரில் ஆபரேட்டர் அலறிவிட்டு நாலடி பின்னால் போனார்.

எழிலரசி காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

நிலத்திலிருந்து உருவிய பிளாஸ்டிக் குழாய்க்குள் மண். இரண்டாவது அடியில்... சிவப்பு. பிசுபிசுவென்று சிவப்பு! நடுவே ஓடு மாதிரி ஒரு துண்டு. அதில் ஒட்டிக்கொண்டு, பழுப்பாய்... முடி!

மண்டை ஓடா?

எழிலரசி போலீஸுக்கு போன் அடித்தாள்.

ஹூஸ்டன் பக்கம், சுகர் லேண்டைத் தாண்டி ஒரு சின்ன ஊர். நாற்பது வருடம் இரும்புக் குழாய்களுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு மூடிப்போன ஃபாக்டரி. அந்த மண்ணில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க அரசாங்கம் நகராட்சிக்கு நிதி கொடுத்திருந்தது. பார்க்கிற வேலை எழிலரசியுடையது. மொத்தம் பதினைந்து துளைகள். பதினான்கு துளைகளில் ஒரு பொட்டு விஷம் கூட இல்லை. இன்று வடகிழக்கு மூலையில் கடைசித் துளை.

இதுவும் சுத்தம் என்றால் நிலம் நஞ்சுண்டனுக்கு.

பெட்ரோலியக் கம்பெனியில் ஐம்பத்து நான்கு வயதில் வேலை போனவர். இங்கே குழந்தைகளுக்கு ஒரு டேகேர் கட்டப்போகிறேன் என்று ஆறு மாதமாய் அதிலேயே உயிரை வைத்திருந்தார். இப்போது வேலிக்கு வெளியே பேயறைந்த மாதிரி நின்றார்.

டிடெக்டிவ் ரோஹன் இருபது நிமிடத்தில் வந்தான். ஹூஸ்டனில் பிறந்தவன். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போதுதான் பாதி இங்கிலீஷ். மஞ்சள் டேப்பைக் கட்டிவிட்டு நேரே வேலிக்குப் போனான்.

"அங்கிள், ஆர் யூ ஓகே? ஏன் இவ்ளோ ஸ்வெட்டிங்?"

"வெயிலுங்க தம்பி."

டிசம்பர் மாதம். மற்ற எல்லோரும் ஜாக்கெட்டில் இருந்தார்கள்.

அதற்குள் எழிலரசி கையுறை மாட்டிக்கொண்டு அந்தத் துண்டைத் தண்ணீரில் கழுவினாள். திருப்பிப் பார்த்தாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ரோஹன், டேப்பைக் கழட்டிடுங்க. இது தேங்காய்."

"வாட்?"

"தேங்காய் ஓடு. அது முடி இல்ல, நார். சிவப்பா இருக்கறது குங்குமம். யாரோ வேலி தாண்டி வந்து பூமி பூஜை பண்ணியிருக்காங்க."

சொல்லிக்கொண்டே துப்பாக்கி மாதிரி இருந்த ஸ்கேனரை மண்மேல் வைத்தாள். எண் வந்தது. சிரிப்பு போய்விட்டது.

"ஈயம். லிமிட்டுக்கு ஒன்பது மடங்கு இருக்கு. கலப்படக் குங்குமம்."

வேலியைப் பிடித்துக்கொண்டு நஞ்சுண்டன் அப்படியே உட்கார்ந்தார்.

கேட்காமலே எல்லாம் வந்தது. வாட்ஸப் வீடியோவில் ஜோசியர் சொன்னாராம், மண்ணில் இரும்பு படுவதற்கு முன்னால் ஈசானிய மூலையில் பூஜை முடிந்திருக்க வேண்டும் என்று. ட்ரில் வரும் தேதி தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, போன் காம்பஸில் மூலையைக் குறித்து, வேலி ஏறிக் குதித்திருக்கிறார். மகள் கல்யாணத்தில் மிஞ்சிய குங்குமம், முழுசாய் ஒரு கிலோ.

"கொழந்தைங்க நல்லா இருக்கோணும்னுதானுங்க பண்ணுனேன்."

எழிலரசிக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. ஆனால் நகராட்சி விதி விதிதான். நிலத்தைக் கெடுத்தவருக்கே நிலத்தை விற்க முடியாது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள்.

"அப்ப நெலம்?"

"நிலம் கேட்டவங்க லிஸ்ட்ல அடுத்தவருக்குப் போயிடும் சார்."

அடுத்தவர் பத்மநாபன். மெட்ராஸ்காரர், கல்யாண மண்டபம் கட்டுகிற திட்டம். சேதி எப்படிப் போனதோ, பத்து நிமிடத்தில் கார் வந்து நின்றது. துளையை எட்டிப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். முகத்தில் சந்தோஷம் வழிந்தது.

"நஞ்சுண்டன் சார், ரெண்டடியிலயா புதைப்பாங்க? ஒரு மழை பெஞ்சா வெளில வந்துடுமே. எதையும் ப்ராப்பரா பண்ணணும் சார்."

ரோஹன் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்.

"ப்ராப்பர்னா, ஹவ் டீப் அங்கிள்?"

"ஏழடி. நான் மிஷினே வாடகைக்கு எடுத்து..."

பத்மநாபன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

டூ லேட்!

எழிலரசி கையைக் காட்டினாள். அதே துளையில் ட்ரில் மறுபடி இறங்கியது. மூன்றடி... ஐந்தடி... ஏழடி...

குழாய் வெளியே வந்தது. மேலே இருந்ததைவிட நல்ல சிவப்பு. கூடவே இன்னொரு தேங்காய்.

ஸ்கேனர் காட்டிய எண்ணை எழிலரசி இரண்டு தடவை படித்தாள். இருபத்திரண்டு மடங்கு.

நஞ்சுண்டன் மெல்ல எழுந்து பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். முகத்தில் கொஞ்சம் களை திரும்பியிருந்தது.

"அவருக்கும் கெடையாதுங்களா?"

"கிடையாது சார்."

"பரவால்லீங்க."

பத்மநாபன் காரில் சாய்ந்து யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். வக்கீலுக்கா ஜோசியருக்கா, தெரியவில்லை.

ரோஹன் பேனாவைத் திறந்தான்.

"ஆன்ட்டி, ரிப்போர்ட்ல பொல்யூட்டர்னு யார் நேம் போடறது? ஃபாக்டரியா?"

எழிலரசி மிச்சமிருந்த காப்பியைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

"ஃபாக்டரி பேர் வேணாம். நாப்பது வருஷத்துல அவங்களுக்கு ஒரு ஜோசியர் கூடக் கிடைக்கல, பாவம்!"