மூன்றாம் எண் கூண்டு

நாளைக்குக் கடல் பார்க்கப் போகிறார்கள். திட்டம் முழுவதும் பவதாரிணியுடையது.

ஆறாம் வகுப்புப் பிள்ளை போட்ட திட்டம் என்று யாரும் நம்பமாட்டார்கள். விடிகாலை நாலு மணிக்கு உசிலம்பட்டியில் கிளம்பினால் ஒன்பது மணிக்குப் பாம்பன். மதியம் அங்கே கரையோரம் இருக்கும் சகாயமேரி அக்கா மெஸ்ஸில் மீன் சாப்பாடு. அந்த அக்காவின் நம்பரைத் தேடிப் பிடித்து, நாலு சாப்பாடு சொல்லிவைத்ததும் அவள்தான்.

அப்பா சிவபாண்டி வேன் ஓட்டுகிறார். மழைக்காலத்தில்தான் அவருக்குச் சவாரி குறைவு. அம்மா பாண்டீஸ்வரிக்குத் தையல் கம்பெனியில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தச் சனிக்கிழமை எப்படியோ கிடைத்துவிட்டது. அம்மா இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் புளிசோறு கிளறிக்கொண்டிருந்தார். கூடவே பாட்டு வேறு. அம்மா பாடி பவதாரிணி கேட்டதே இல்லை.

அப்போதுதான் டிவியில் செய்தி வந்தது. வங்கக் கடலில் புயல் சின்னம். பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம்.

பவதாரிணி அடுப்படியை எட்டிப் பார்த்தாள். தம்பி ஒச்சு கார்ட்டூனுக்கு மாற்றிவிட்டான். அம்மா காதில் எதுவும் விழவில்லை. சொன்னால் அந்தப் பாட்டு நின்றுவிடும். சொல்லாவிட்டால்?

வாசலில் அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பாம்பன்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திருக்காங்களாம்."

அப்பா அண்ணாந்து பார்த்தார். "ஒரு பொட்டு மேகம் இல்ல. கூண்டு படகுக்காரவுகளுக்கு. நாம வேன்லதான போறோம்?"

"இது உசிலம்பட்டி வானம்ப்பா. பாம்பன் வானம் இங்கிருந்து தெரியுமா?"

அப்பா குழாயை மூடினார். "உங்கம்மாகிட்ட நீயே சொல்லு தாயி. என்னால ஆகாது."

பவதாரிணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆசை காட்டியது அவள், கலைப்பதும் அவளா? சட்டென்று ஒன்று தோன்றியது. அங்கேயே இருப்பவரைக் கேட்டுவிட்டால்?

அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சகாயமேரி அக்கா, நான் பவதாரிணி. நாளைக்கு நாலு சாப்பாடு சொன்னேன்ல..."

"ஐயோ பாப்பா, கடையே சாத்தியாச்சு. படகெல்லாம் மேட்டுல ஏத்திக் கட்டிட்டாக. அலை ரோடு வரைக்கும் வருது. நீங்க வந்துராதீக."

பாட்டு நின்றது. அக்காவின் குரலுக்குப் பின்னால் ஓயாமல் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது.

"அது என்ன சத்தம்?" அம்மா கேட்டார்.

"கடல்தாம்மா," என்றார் சகாயமேரி அக்கா.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது. பவதாரிணிக்கு அழுகையே வந்துவிட்டது. ஈரக் கையோடு அப்பா உள்ளே வந்தார்.

"தை மாசம் போவோம் பாண்டீஸ்வரி. சவாரி வந்தாலும் வேணாம்னுட்டுப் போவோம்."

"அப்ப புளிசோறு?" ஒச்சு கவலையோடு கேட்டான்.

"அத இப்பவே திங்கலாம்டா," என்ற அம்மா, மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார். "நல்லவேளை கேட்ட. இல்லன்னா ஒச்சுவையும் கூட்டிக்கிட்டு அந்த அலையிலல்ல போயி நின்னுருப்போம்."

பவதாரிணி போனை வைக்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வச்சிராத. அக்கா, போனை ஒரு நிமிசம் கடல் பக்கமாத் திருப்பிப் பிடிக்கிறீங்களா?"

சகாயமேரி அக்கா ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டினார். உசிலம்பட்டி அடுப்படியில் நாலு பேரும் மூச்சுக்கூட விடாமல் கேட்டார்கள்.

"யாத்தே, எம்புட்டுப் பெருசு," என்றார் அம்மா.