ஐந்தாவது சாட்சி

திஜோன் நகரின் பழைய நீதிமன்றத்துக்குப் பின்னால், ஒரு குறுகிய தெருவில் இருக்கிறது அந்த மாளிகை. வண்டி நுழையும் பெரிய கதவு, கல் பாவிய முற்றம், பச்சையும் மஞ்சளுமாய் ஓடு வேய்ந்த செங்குத்துக் கூரை. 1687இல் ஒரு நீதிபதி கட்டியது. ஜனவரியில் ஒரு காலை, பதினோரு மணிக்கு நான் பூட்டைத் திறந்தபோது, ஒரு மாதமாக அடைபட்டிருந்த வீட்டில் ஈரச் சாந்தின் வாடை அடித்தது.

வீட்டை வாங்கிய ஓதிலுக்கு ஏழு வாரத்தில் பிரசவம். மாடியில், ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் அறைகளில் கடைசி அறை குழந்தைக்கு. அதன் கோடியில், எப்போதோ கல் வைத்து அடைத்த ஒரு வாசல். அடைப்பைச் சுற்றி விரிசல். அந்த அறையில் குழந்தையைப் படுக்கவைக்கலாமா என்று கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டியவன், கட்டடக் கலைஞனான நான்.

டிசம்பரில் கொத்தனார் ஃபுல்ஜான்ஸும் நானும் விரிசலுக்குக் குறுக்கே நான்கு சுண்ணாம்புச் சாந்துப் பட்டைகள் பூசி, ஈரத்திலேயே தேதி கீறிவிட்டுப் போனோம். எங்கள் தொழிலில் அவற்றுக்குச் சாட்சி என்று பெயர். சுவர் அசைந்தால் சாட்சி உடையும். தரையை ஒட்டிப் பழைய சாட்சிகளும் மூன்று இருந்தன: 1744, 1811, 1893. மூன்றுமே நடுவில் பிளந்தவை.

"குள்ளனுங்கதான் பூசியிருக்கணும்," என்று ஃபுல்ஜான்ஸ் அன்று சிரித்தார். சுத்தியலால் அடைப்பைத் தட்டினார். கனத்த, கல் நிறைந்த ஓசை.

இந்த ஜனவரிக் காலையில் ஓதிலும் எங்கள் இருவரோடு படியேறினாள்.

"மெதுவா வாங்கம்மா. நீங்க ரெண்டு பேரு, படியோ ரொம்பப் பழசு," என்றார் ஃபுல்ஜான்ஸ்.

"உங்க சுவர் நகருதோ இல்லையோ, இவன் நகர்ந்துக்கிட்டே இருக்கான்," என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

நான்கு சாட்சிகளிலும் மயிரிழைக் கீறல்கூட இல்லை.

"சுவர் நல்லாத் தூங்குதுய்யா. கையெழுத்தைப் போடுங்க."

பேனாவை எடுத்தேன்.

"ஐயா..." ஃபுல்ஜான்ஸின் குரல் இறங்கியிருந்தது. "நாம எத்தனை வச்சோம்?"

"நாலு."

"இங்க புதுசு அஞ்சு இருக்கு."

தரையை ஒட்டி, பழைய மூன்றுக்குப் பக்கத்தில், ஐந்தாவது பட்டை.

தொட்டேன். விரலில் ஒட்டியது.

ஈரம்.

வீட்டுக்கு இருந்த ஒரே சாவி, ஒரு மாதமாக என்னிடம்தான் இருந்தது.

மிகச் சிறிய நகத்தால் கீறியதுபோல் எழுத்து. மார்ச் 9.

ஓதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உடனே சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

"நேத்துதான் டாக்டர் பிரசவத் தேதியை இந்த நாளுக்கு மாத்திச் சொன்னாரு," என்று கிசுகிசுத்தாள். "இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

நான் கையெழுத்திடவில்லை. அன்று மதியமே அவள் லியோனுக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தனை தூரம் போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மார்ச் 9 காலை, மனசு கேட்காமல் ஃபுல்ஜான்ஸை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். எங்கள் நான்கும் அப்படியே இருந்தன. ஐந்தாவது நடுவில் பிளந்திருந்தது.

ஃபுல்ஜான்ஸ் அடைப்பைத் தட்டினார்.

உள்ளே வெறுமை.

இன்னொரு முறை தட்ட அவருக்குக் கை வரவில்லை. அப்போது என் தொலைபேசி ஒலித்தது. ஓதில்.

"பையன். காலைல ஆறு மணிக்குப் பொறந்தான். நல்லா இருக்கான். அழவே இல்ல. கண்ணை முழிச்சு எல்லாரையும் பார்க்கறான்."

வாழ்த்துச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நர்ஸ் மூணு தடவை துடைச்சுட்டாங்க. அவன் நகத்துக்கடியில வெள்ளையா, மாவு மாதிரி ஏதோ வந்துக்கிட்டே இருக்கு. சாந்து காஞ்சா எப்படி இருக்கும்?"