கை மாறாத வண்டி

பானட் சில்லென்று இருந்தது. அது சரிதான். பழைய கார் வாங்கும்முன் பார்க்க வேண்டியவை என்று லயனல் எழுதிக் கொடுத்த பட்டியலின் முதல் வரியே அதுதான்: 'போனதும் பானட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், மக்கர் பண்ணும் எஞ்சினை உனக்காக முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள்.' ஆனால் உள்ளே குனிந்து இடப்பக்க இருக்கையில் கை ஊன்றியபோது, வெரிட்டிக்கு அந்தத் தோல் உறை வெதுவெதுப்பாகப் பட்டது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

கையை எடுத்துக்கொண்டாள். பட்டியலில் இருக்கையின் சூட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

கேட்டுக்கு வெளியே, அவர்களுடைய சாம்பல் நிறக் காரில் அவள் கணவன் லயனல் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். இந்த மாதிரி இரண்டே பேர் உட்காரும் வண்டிகளை நாற்பது வருடம் பிரித்துப் பூட்டியவன். இப்போது பத்து அடி நடந்தால் மூச்சு அடைக்கிறது. வசந்தம் வரைதான் தாங்குவான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏப்ரலில் கூரையை மடக்கிப் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரே ஒரு தடவை போக வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

"அந்த ஆள் பேச்சுல மயங்கிடாதடி," என்று சொல்லி அனுப்பியிருந்தான். "கடைசி வரியை விட்டுடாத. உனக்குத்தான் கேக்க வாயே வராது."

கடைசி வரி: 'ஏன் விற்கிறீர்கள் என்று கேள்.'

திரும்பிப் பார்த்தாள். அவன் மூச்சில் மங்கிய கண்ணாடியை உள்ளங்கையால் வட்டமாகத் துடைத்து, அதன் வழியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடியில எண்ணெய் சொட்டுது, பாத்துக்கங்கம்மா," என்றார் வண்டியை விற்கும் கிழவர் பெல்லமி. "சொட்டலன்னாதான் பயப்படணும். உள்ள எண்ணெயே இல்லன்னு அர்த்தம்."

ஆயிரம் தடவை சொன்ன வேடிக்கைபோல அதைச் சொன்னார். சொல்லும்போதும் அவர் பார்வை இடப்பக்கக் கதவிலேயே இருந்தது.

வெரிட்டி கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக் கதவுக்கு அடியில் ஓடும் தகட்டில் வைத்து நகர்த்தினாள். துருவை மறைக்கப் பட்டி பூசியிருந்தால் காந்தம் நழுவி விழும். விழவில்லை. எல்லா இடத்திலும் கப்பென்று பிடித்தது. ஷெட்டில் பெட்ரோல் வாடையோடு, நனைந்த கம்பளி கோட்டின் வாடையும் இருந்தது. கொக்கியில் கோட்டு எதுவும் தொங்கவில்லை.

"முப்பத்தெட்டு வருஷம். கை மாறவே இல்ல," என்றார் பெல்லமி. "நான் ஓட்டுவேன். அயோனா பக்கத்துல. அதைவிட்டா அவளுக்கு வேற இடமே கிடையாது. கடைசி மூச்சைக்கூட அங்கதான் விட்டா."

இப்போது கேட்டிருக்க வேண்டும். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த ஊரில் மனைவியை இழந்தவரிடம் பனியைப் பற்றிக் கேட்கலாம், மழையைப் பற்றிக் கேட்கலாம். அதற்குமேல் கேட்பது அநாகரிகம்.

"பனி இன்னும் இறங்கும்போல இருக்கு," என்றாள் வெரிட்டி.

"ஆமாம்மா. இறங்கும்."

"நீங்களும் வாங்களேன். ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வந்துடலாம்."

"எனக்கு ஏதும்மா இடம்?" என்றார்.

வாய்க்காலை ஒட்டிய நேர் சாலையில் தனியாக ஓட்டிப் போனாள். மாலை நான்கு மணிதான், ஆனாலும் வயல்களின் மேல் பனி படுத்துக்கிடந்து, வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சாம்பல் வெளிச்சம். பட்டியலில் சொன்னபடி ஸ்டீயரிங்கை ஒரு நொடி விட்டாள். எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நல்ல வண்டி. லயனலுக்குப் பிடிக்கும். முதல் வளைவில் பக்கத்து இருக்கையின் சுருள்கம்பிகள் முனகின, உட்கார்ந்திருப்பவர் சாய்ந்து நிமிர்வதுபோல. பழைய வண்டி, முனகத்தான் செய்யும். கம்பளி வாடை நெருங்கியது.

முன் கண்ணாடியின் இடப்பாதி மங்கியிருந்தது.

அவள் பக்கம் இல்லை. இடப்பக்கம் மட்டும். ஒரு தட்டு அளவு மங்கல். சுருங்கியது. விரிந்தது.

தன் மூச்சுதான் என்று நினைத்தாள். அடக்கிப் பார்த்தாள்.

சுருங்கியது. விரிந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஏதோ ஒரு வாசலில் வண்டியைத் திருப்பினாள். சாலை. வாய்க்கால். சாலை. பெல்லமியின் கேட்.

தங்கள் காருக்குப் பின்னால் நிறுத்தினாள். இடப்பக்கக் கதவு தானாகத் திறந்தது. வண்டி அந்தப் பக்கம் லேசாக மேலே எழும்பியது. ஒரு ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி.

கையை நீட்டி இருக்கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. 'போய்விட்டது' என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷெட் வாசலில் பெல்லமி நின்றிருந்தார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"கை மாறிடுச்சும்மா," என்றார். "என்னை மன்னிச்சிடுங்க."

வெரிட்டி ஓடினாள். சாம்பல் நிறக் காரின் முன்னால் போய் நின்றாள்.

ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. அவள் விட்டுப் போன இருக்கை. அதற்கு நேரே கண்ணாடி மங்கியிருந்தது. சுருங்கியது. விரிந்தது. மெதுவாக, உள்ளிருந்து, ஒரு உள்ளங்கை அளவு வட்டம் துடைக்கப்பட்டது.

பக்கத்து இருக்கையில் லயனல். கண்கள் திறந்திருந்தன, இமைக்கவில்லை. அவன் முகம் வெகு தெளிவாகத் தெரிந்தது. அவனுக்கு முன்னாலிருந்த கண்ணாடியில் ஒரு துளி மங்கல்கூட இல்லை.