ஓக் மரத்தில் சாய்ந்து நின்றவன்

தொட்டான். ஒரே ஒரு விரல்தான்!

ஓக் மரத்தில் சாய்ந்து நின்றவன் அப்படியே முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தான்.

எழவில்லை...

முட்டியளவு பனித்தண்ணீரில் நின்றும் வெர்லன் டாக்கெட்டுக்கு வியர்த்தது.

குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஆற்றோரப் பொதுக்காடு வெள்ளத்தில் மூழ்கும். வாத்துகள் இறங்கும். துப்பாக்கியோடு பாதி மாநிலம் பின்னாலேயே ஓடி வரும். முதலில் வந்து நிற்பவனுக்கே இடம். ஆள் தெரிந்தால் அடுத்தவன் வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டும். எழுதாத சட்டம்.

முப்பது வருடமாக இந்த மரத்தடி வெர்லனுடையது. நான்கு நாளாக இவன்!

எத்தனை சீக்கிரம் வந்தாலும் தூரத்தில் இந்தத் தொப்பி, இந்த முகமூடி. எட்டு மணிக்கு மேல் நாலே வெடி. நாலு வாத்து. வெர்லனின் வயிற்றெரிச்சலில் பாதிக்காடு காய்ந்திருக்க வேண்டும்.

இன்று பொறுக்கவில்லை. வந்து தொட்டுவிட்டான்.

மிதந்த முதுகைப் பார்த்தான். பச்சைக் கோட்டு. தோளில் சிவப்பு நூல் தையல்...

அவனுடைய கோட்டு! போன வருடம் காணாமல் போனது. தைத்தவள் மனைவி நடீன்.

நாலு நாளாக வீட்டில் வாத்து வறுவல். "பக்கத்து வீட்டு வெண்டல் குடுத்தாரு" என்று சிரித்தாளே...

வெண்டல்!

"அடப்பாவி, என் இடம் மட்டும் பத்தலையாடா உனக்கு?" என்று பிணத்திடமே கேட்டான்.

போன் அடித்தான்.

"கோய்... வெண்டல் செத்துட்டான். நான் விரல்தான் வெச்சேன்."

வனக்காவலர் கோய் ஹார்கிஸ் நிதானமானவர்.

"வெண்டல் என் எதிர்ல காபி குடிச்சிட்டிருக்கான். அண்ணே, நீங்க என்ன குடிச்சீங்க?"

"அப்ப இது யாரு?"

"தொடாதீங்க. கொலைன்னா உங்களைத்தான் பிடிக்கணும்."

படகில் வந்தார். பிணத்தைப் புரட்டி, முகமூடியை உருவினார்.

தீவனச் சாக்கு! அதில் கரியால் வரைந்த மீசை. கோட்டுக்குள் வைக்கோல்.

"ராத்திரி இங்க சாமானை விட்டுட்டுப் போறது குற்றம். யாரோடதுண்ணே?"

"என்னோடது" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

இன்னொரு படகு. நடீன்! ஒரு கையில் காபிக் குடுவை. மறு கையில் துப்பாக்கி. மணி சரியாக எட்டு.

"நீயா சுட்டே?" வெர்லன் துப்பாக்கியைக் காட்டிக் கேட்டான்.

"முப்பது வருஷமா கூட வரேன்னேன். பொம்பளை வந்தா வாத்து பயப்படும்னீங்க. நாலு நாளும் வழிச்சு வழிச்சுத் தின்னீங்களே, அதுல எந்த வாத்து பயந்திருந்துச்சு?"

கோய் அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"இனி பொம்மை கூடாதும்மா. உயிரோட ஆள் நின்னாத்தான் இடம்."

"அதுக்கென்ன, வெண்டல்கிட்ட சொன்னா விடியுமுன்னே வந்து நிப்பாரு."

வெர்லன் பல்லைக் கடித்த சத்தம் பக்கத்து மாவட்டம் வரை கேட்டது.

மறுநாள் எட்டு மணி. அதே மரம். அதே கோட்டு. அதே தொப்பி. உள்ளே வெர்லன்!

நடீனின் படகு வந்தது. ரோந்து வந்த கோய் கேட்டார்.

"புது ஆள் எப்படிம்மா?"

"பரவால்ல. பழைய ஆள் முணுமுணுக்க மாட்டான்."