இரண்டு தட்டு

பதில் தட்டு வந்தது. ஆனால் வழக்கமான இடத்திலிருந்து வரவில்லை.

சுக்கானைப் பிடித்திருந்த நொலீன் தலையைச் சாய்த்துக் கேட்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோனாலும் படகு ஓட வேண்டுமே. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. மேலே இருப்பவர் தளத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். கீழே அறையில் இருப்பவர் பதிலுக்கு இரண்டு தட்ட வேண்டும். பத்திரமாக இருக்கிறேன் என்று அர்த்தம். க்ளைவ் எப்போதும் அவள் காலடியில்தான் தட்டுவான். இன்று சத்தம் முன்பக்கம், தாழ்வாக, படகுப் பாய் சாய்ந்து மறைத்த பக்கத்திலிருந்து வந்தது.

கோபத்தில் முன்னால் போய்ப் படுத்திருப்பான், படுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ப்ரூனி தீவை விட்டுக் கிளம்பும்போதே தொடங்கிய சண்டை அது, இடுப்பைப் படகு வளையத்தோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரைப் பற்றி.

"குட்டை வாரை மாட்டுன்னு எத்தனை தடவை சொல்றது? நீள வாரோட விழுந்தா படகே உன்ன இழுத்துக்கிட்டுப் போய்க் கொன்னுடும்."

"குட்டை வாரா? நான் என்ன, கேட்டுல கட்டிப்போட்ட நாயா?"

"படகு ஓரத்துல நின்னு மூத்திரம் போற பழக்கத்தையாவது விடு. உள்ளதான் கக்கூஸ் இருக்கில்ல?"

"விழுந்தா தட்டறேன் மகாராணி. நீ காது கொடுத்துக் கேளு, போதும்."

அதோடு உள்ளே போனவன்தான். குளிர்கால மாலை, ஈரக் கம்பளி போல மூடுபனி இறங்கி, கரையும் விளக்கும் கண்ணில் படாமல், கடற்பாசி நாற்றமும் பாய்த்துணி நனைந்த நாற்றமும் மட்டும் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே டீக்கெண்டி சீட்டியடிக்கத் தொடங்கியது. யாரும் அதை இறக்கவில்லை. சீட்டி நீண்டு, மெலிந்து, நின்றது. கொஞ்ச நேரத்தில் தகரம் கருகும் வாசனை வந்தது.

வீம்பு. நாற்பது வருஷத்து வீம்பு. குதிகாலால் இரண்டு தட்டினாள்.

பதில் வந்தது. முன்னைவிட மெதுவாக.

படகு ஒரு பக்கமாகவே இழுத்தது. சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் மறுபடி அதே பக்கம். மறுபடி தட்டினாள். பதில் வந்தது. இரண்டு தட்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி.

அப்புறம், அவள் தட்டாமலே வந்தது.

"க்ளைவ்? போதும்டா விளையாட்டு. மேல வா."

எட்டி அறைக் கதவைத் தள்ளினாள். படுக்கை காலி. அடுப்பில் சிவந்த கெண்டி. முன்பக்கம் கூரையில் இருந்த சின்னக் கதவு திறந்து கிடந்தது. அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அந்த வழியாக ஏறியிருக்கிறான். பாயின் மறைவில் நின்று மூத்திரம் போக.

பாயை அவிழ்த்துவிட்டாள். படகு நின்றது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் தவழ்ந்து முன்னால் போனாள்.

வளையத்தில் வார். நீள வார். ஓரத்தைத் தாண்டி, விறைப்பாகத் தண்ணீருக்குள்.

இழுத்தாள். தலை வந்தது. கண்கள் திறந்திருந்தன. வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. மேலே தூக்க அவளுக்குப் பலமில்லை. கையை மட்டும் எட்டிப் பிடித்தாள். விரல் முட்டிகளில் தோல் இல்லை. வெள்ளையாக எலும்பு. படகின் வெள்ளைப் பக்கவாட்டில் சிவப்புத் தீற்றல்கள்.

காது கொடுத்துக் கேட்டிருந்தாள். ஒவ்வொரு தட்டையும் கேட்டிருந்தாள். கேட்டுவிட்டு, சரி, கிடக்கிறான் என்று சும்மா இருந்தாள்.

"க்ளைவ்..." என்று அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஐஸாக இருந்தது. அழுகை வரவில்லை. அலைகூட இல்லை. பனி. அமைதி.

கீழே, காலியான அறைக்குள்ளிருந்து, சரியாக அவள் முழங்காலுக்கு அடியில், இரண்டு தட்டு.

அப்புறம் மௌனம். பதிலுக்குக் காத்திருக்கும் மௌனம்.