கட்டிலுக்கு வைத்த கல்

கோத்தா திங்கியில் படகு ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண் நிறத்தில் தடித்து ஓடியது. வினிஃப்ரெட் தகரப் பெட்டியை மடியில் வைத்து, குடையை அதன்மேல் சாய்த்துக்கொண்டாள். தான் நனைந்தாலும் பரவாயில்லை. பெட்டிக்குள் கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டும் நூல், வயிற்றில் வைத்துக் கேட்கும் மரக்குழல், எல்லாவற்றுக்கும் அடியில் மெழுகுத்துணியில் சுற்றிய சான்றிதழ். போன மாதம் வரை அவள் சிங்கப்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் மாணவி. இனி ரப்பர் தோட்டத்து மருத்துவச்சி.

துறையில் டிரஸ்ஸர் கனகராஜ் காத்திருந்தார். தோட்டத்தில் மருந்து கொடுப்பவர் அவர்தான். கூலிகள் குடியிருந்த லயங்களை விட்டுத் தள்ளி, ஒரு மேட்டின்மேல் இருந்த பிரசவத்துக்கான பலகை அறையைத் திறந்து காட்டினார். ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு இரும்புக் கட்டில். பூஞ்சையும் லைசாலும் கலந்த வாடை. மருந்து தீர்ந்துவிட்டது, வந்த படகிலேயே போய் நாளைக்குத் திரும்பிவிடுகிறேன் என்று கிளம்பினார்.

அங்கே உதவிக்கு இருந்த ஆயா பேச்சியம்மாள் புது மருத்துவச்சியை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் நர்ஸுகளை மிசி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“கல்யாணம் ஆயிருச்சா, மிசி?”

“இல்ல.”

“அப்ப நாங்க பெத்துக் காட்டுறோம். நீங்க பாத்துக் கத்துக்கிடுங்க.”

வினிஃப்ரெட்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவளுடைய பயம் அதுவேதான். மாணவியாக இருந்தவரை அவள் ஒரு பிரசவத்தையும் தனியாகப் பார்த்ததில்லை. சிஸ்டர் பேட்ரிசியா முதுகுக்குப் பின்னால் நிற்பாள். பேச மாட்டாள். கழுத்தில் படும் அவள் மூச்சே போதும், கை நடுங்காது.

மறுநாள் காலையில் கட்டிலைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். தலைமாட்டுப் பக்கம் தரைப்பலகை உள்வாங்கி, கட்டில் சரிந்து நின்றது. நோயாளி வருவதற்கு முன் கட்டில் மட்டமாக இருக்க வேண்டும் என்பதுதான் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பேச்சியம்மாள் லயத்துக்குப் போயிருந்தாள். வெளியே பாதையோரம் இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு பலகைக் கல் போட்டிருந்தது. நெஞ்சுயரம். யாரோ பாதி கட்டிவிட்டுப் போன வேலை என்று வினிஃப்ரெட் நினைத்தாள். புல் வெட்டிக்கொண்டிருந்த ஜாவாக்காரர்கள் இருவரைக் கூப்பிட்டாள். அவர்கள் மேல்கல்லைத் தூக்கிவந்து தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் தள்ளினார்கள். கட்டில் மட்டமானது. விரிப்பைத் தரைவரை தொங்கவிட்டாள்.

டிரஸ்ஸர் அன்று வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆறு கரையேறி ரப்பர் மரங்களுக்குள் புகுந்தது. மேட்டைச் சுற்றிலும் தண்ணீர்.

அந்த வெள்ளத்தில்தான் வீரமுத்து தன் மனைவி ராசம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் நடந்துவந்தான். தலைப்பிரசவம். பனிக்குடம் உடைந்திருந்தது. அவனை வெளியே கூரை இறவாணத்தின் கீழ் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பகல்தான். ஆனாலும் மழை இருட்டில் விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

வலி நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. பிறகு, யாரோ கையால் அமுக்கிப் பிடித்ததுபோல நின்றுவிட்டது.

வினிஃப்ரெட் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை தலைகீழாக, சரியாகத்தான் இருந்தது. கழுத்தின் பின்னால் மெல்லிய மூச்சு பட்டது. அவளுடைய படபடப்பு அடங்கியது. கை நிதானமானது.

“சரியாத்தான இருக்கு, சிஸ்டர்?” என்றாள், திரும்பாமல்.

பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் ராசம்மாவின் காலடியில் நின்றிருந்தாள்.

வினிஃப்ரெட்டின் பின்னால் யாரும் இல்லை.

மூச்சு மட்டும் நிற்கவில்லை. சிஸ்டரின் மூச்சு இப்படி இருக்காது. இது பாரத்தோடு மேடு ஏறி வந்தவளின் மூச்சு. ஈரக் கூந்தல் வாடை, சேற்று வாடை, அதற்கடியில் பழைய ரத்தத்தின் வாடை.

அவள் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினாள். பிள்ளையின் துடிப்பு கேட்டது. மெதுவாக. போகப்போக இன்னும் மெதுவாக. இப்படியே போனால் பிள்ளை தங்காது, தாயும் தங்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

குழலிலிருந்து காதை எடுத்தாள்.

துடிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

வேகமாக, வலுவாக, கட்டிலுக்கு அடியிலிருந்து.

அவள் மண்டியிட்டு விரிப்பை ஒதுக்கினாள். குழலைக் கல்லின்மேல் வைத்துக் கேட்டாள். கல்லுக்குள் ஒரு பிள்ளை உயிரோடு இருந்தது.

அவள் என்ன செய்கிறாள் என்று குனிந்த பேச்சியம்மாள், கல்லைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

“இத யாரு மிசி இங்க கொண்டாந்தா?”

“நான்தான். ஏன்?”

“இது செல்லத்தோட கல்லு.”

போன மழைக்காலத்தில், மருத்துவச்சி இல்லாத தோட்டத்தில், செல்லம் என்பவள் பிள்ளை வெளியே வராமலே செத்துப்போனாள். வயிற்றுச் சுமையோடு போனவளுக்குப் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நட வேண்டும். தலைச்சுமைக்காரர் யாராவது அதில் பாரத்தை இறக்கி வைத்து இளைப்பாறும்போது, அவளும் தன் பாரத்தை இறக்குவாள். அவள் புருஷன் மணியம் அதை நட்டுவிட்டுத் தோட்டத்தை விட்டே போய்விட்டான். எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, சிங்கப்பூரில் பிறந்து மாதா கோயிலுக்குப் போய் வளர்ந்த வினிஃப்ரெட்டுக்குத் தெரியாது.

“எறக்கி வைக்க எடமில்லாமத்தான் உள்ள வந்திருக்கா,” என்றாள் பேச்சியம்மாள்.

வினிஃப்ரெட் வீரமுத்துவைக் கூப்பிட்டாள், கல்லை எடுத்துப்போய் மறுபடி வைக்கட்டும் என்று. அவன் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. தோள் கொடுத்து இடித்தான். தாழ் போட்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து கேட்டான்.

தாழ் போடவில்லை.

கதவின் உட்புறப் பலகையில் ஈரம் படர்ந்திருந்தது. ஒரு முதுகு சாய்ந்து நிற்கும் அளவுக்கு, அந்த வடிவில்.

ஜன்னலுக்கு வெளியே சுழித்து ஓடும் தண்ணீர். கட்டிலில் ராசம்மா கண் செருகிக் கிடந்தாள். அவள் உதடு அசைந்தது. வந்த குரல் அவளுடையது அல்ல.

“கை வலிக்குது, அக்கா. எறக்கி விடுங்களேன்.”

விளக்குத் திரி தாழ்ந்தது. பேச்சியம்மாள் வாய்க்குள்ளேயே மாரியாத்தாளைக் கூப்பிட்டாள். வினிஃப்ரெட்டுக்குச் செபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கை மட்டும் படித்ததை மறக்கவில்லை. பிள்ளையை வாங்கும்போது நீட்டுவதுபோல, கதவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“இங்க குடும்மா,” என்றாள். “நான் வாங்கிக்கிறேன்.”

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு அவள் இடது முழங்கை மடிப்பில் பாரம் இறங்கியது. சில்லென்று, வழுவழுவென்று, ஒரு பிள்ளையின் பாரம்.

கதவு பட்டென்று திறந்து, வீரமுத்து தலைகுப்புற உள்ளே விழுந்தான். அதே நேரம் ராசம்மா வீறிட்டாள். வலி திரும்பிவிட்டது. பேச்சியம்மாள் அவனை வெளியே தள்ளிவிட்டு ஓடிவந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆண் பிள்ளை பிறந்து, கூரை அதிர அழுதது. வினிஃப்ரெட் வலது கையால்தான் பெரும்பாலும் வேலை செய்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இப்போது யாரும் நிற்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின் பாதையோரத்துக் கற்கள் இரண்டையும் காணோம். வீரமுத்து வேறு கல் தேடிவந்து நட்டு, மேல்கல்லைப் பழையபடி வைத்தான். பேச்சியம்மாள் மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, வினிஃப்ரெட்டின் இடது கையைப் பிடித்துக் கல்லின்மேல் வைத்தாள்.

“எறங்கிருச்சா, மிசி?”

இறங்கவில்லை. ஏன் என்று வினிஃப்ரெட்டுக்குத் தெரிந்தது. வாங்கிய பிள்ளையைத் தாய் கையில்தான் கொடுக்க வேண்டும். இங்கே தாய் பாரத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டாள். பேச்சியம்மாளிடம் இறங்கிவிட்டது என்றே சொன்னாள்.

ஊர் திரும்பலாம் என்று துறைக்குப் போன ஒவ்வொரு தடவையும் அவள் ஏறிய படகு இடப்பக்கமே சாய்ந்தது. படகுக்காரன் சாமான்களை மாற்றி வைத்துப் பார்த்தான். நடு ஆற்றுக்குப் போவதற்குள் அவள் கையில் பாரம் கூடிக்கூடித் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. திருப்பச் சொன்னாள். பிறகு படகைக் கேட்பதையே விட்டுவிட்டாள். தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் அவள்தான் எடுத்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. நல்ல கைராசி என்றார்கள். எப்போதும் ஏன் இடது கையை மடக்கியே வைத்திருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

ராசம்மாவின் மகன் அர்ச்சுனன் பேசக் கற்றுக்கொண்ட சமயம். அம்மை குத்துவதற்காக அவனைத் தூக்கிக்கொண்டு ராசம்மா வந்தாள். ஊசியைப் பார்த்து அவன் அழவில்லை. வினிஃப்ரெட்டின் முழங்கை மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எட்டி, அங்கே வெறும் காற்றை மெல்லத் தட்டிக்கொடுத்தான்.

“பாப்பா தூங்கிருச்சு, மிசி,” என்றான் ரகசியமாக. “கீழ விடுங்க.”

ராசம்மா சிரித்து அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

அப்போது மழை நின்று பல நாளாகியிருந்தது. வினிஃப்ரெட் குனிந்து பார்த்தாள். இடது முழங்கை மடிப்பில் கவுன் நனைந்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு, தூங்கும் பிள்ளையின் வாய்நீர் ஊறியதுபோல. இளஞ்சூடாக.