குழாயின் மறுமுனை

படகு பாதி ஏரியைத் தாண்டியபோது, பின்பக்கம் தண்ணீர் துப்பும் சத்தம் நின்றுபோயிருந்ததை முதலில் கவனித்தவன் அவன்தான். என்ஜினைக் குளிரவைத்த தண்ணீர் புகையோடு சேர்ந்து பின்குழாய் வழியாகக் களக் களக்கென்று விழவேண்டும். விழுந்துகொண்டிருந்தவரை அது யார் காதிலும் ஏறவில்லை, நின்ற பிறகு தொண்டை வறண்டவன் இருமுவதுபோல ஒரு காய்ந்த சத்தம் மட்டும் பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. அவன் கைக்குட்டையை எடுத்து அதன்மேல் போட்டு மறைத்தான். அசட்டுத்தனம்தான். முள்ளை மறைத்தால் என்ஜின் ஆறிவிடுமா என்ன?

அவன் லாரி மெக்கானிக். படகு மனைவியின் தம்பியுடையது. பழுதுபார்க்க யாரிடம் கொடுக்கலாம் என்று தம்பி யோசித்தபோது, "வெளியாள்கிட்ட எதுக்குடா? உங்க மாமா இருக்கும்போது!" என்று மனைவிதான் வேலையை வாங்கி அவன் கையில் கொடுத்தாள். குறை சொல்ல முடியாதபடிதான் செய்தான், ஒன்றைத் தவிர. ஏரித் தண்ணீர் என்ஜினுக்குப் போகும் வழியில் ஒரு வடிகட்டி உண்டு. குப்பை உள்ளே போகாமலிருக்க அதற்குள் ஒரு சல்லடைக் கூடை. கழுவும்போது அது அவன் கையிலேயே உடைந்துவிட்டது. ஏறி இறங்கிய கடையில் எல்லாம் அந்த அளவு இல்லை என்றார்கள். கூடை இல்லாமலே மூடியை முறுக்கி, மேலே பளபளவென்று துடைத்துவைத்து, "எல்லாம் ரெடி, வெள்ளோட்டம் போகலாம்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டான். அந்த வெள்ளோட்டம்தான் இது.

ரப்பர் கருகும் வாசனை வந்தது. இனிமேல் மறைக்க முடியாது. என்ஜினை அணைத்தான். நாலு பக்கமும் கரை தெரியாத வெள்ளை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"என்ன கேப்டன், வெந்நீர் போட்டிருக்கீங்களா?" என்று மைத்துனன் சிரித்தான். காலையிலிருந்து மாமாவுக்கு அவன் வைத்திருந்த பெயர் அதுதான். சிரித்துக்கொண்டே என்ஜின் அறையின் பலகை மூடியைத் தூக்கப் போனான். "வடிகட்டியைத் தொறந்து பாத்துடலாம் மாமா. அதுலதான் ஏதாவது அடைச்சிருக்கும்."

"அதைத் தொடாதே!"

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. மனைவி திரும்பிப் பார்த்தாள். அந்த மூடியைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும். அதற்கு இதைவிடத் தோதான இடமும் கிடையாது. அவன் மென்று விழுங்கிச் சொன்னான்: "அதெல்லாம் நான் பாத்தாச்சு. அடைப்பு வெளியில இருக்கு. அடியில, தண்ணி உள்ள வர்ற ஓட்டையில, பிளாஸ்டிக் பை ஏதாவது ஒட்டியிருக்கும். இறங்கித்தான் எடுக்கணும்."

அவனுக்கு நீச்சல் தெரியாது. அது எல்லோருக்கும் தெரியும். மைத்துனன் பழுப்புத் தண்ணீரை எட்டிப் பார்த்தான். "இதுலயா?" என்றான். பிறகு சட்டையைக் கழற்றினான். "சரி, மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கேலி செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவன் தலை குனிந்துகொண்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஏற்பாடு எளிமையானது. அவன் கீழே இறங்கி, ஏரியிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, அதில் வாய் வைத்து ஊதவேண்டும். மைத்துனன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்கி, குமிழி வரும் இடத்தில் கை வைக்கவேண்டும். அடைப்பை எடுத்ததும் படகின் அடியில் இரண்டு தட்டு. மனைவி மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கீழே இறங்கிப் பலகை மூடியைத் தலைக்கு மேல் இழுத்துச் சாத்திக்கொண்டான். "வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்றான். இந்த மங்கலில் எந்த வெளிச்சம்? வடிகட்டி யார் கண்ணிலும் படக்கூடாது, அவ்வளவுதான்.

உள்ளே முழங்கால் மடக்கி உட்காரத்தான் இடம். டீசலும் தீய்ந்த பெயின்ட்டும் கலந்த நெடி மூக்கை அடைத்தது, சூடான இரும்பு ஆறுகையில் டிக் டிக்கென்று எங்கெங்கோ முனகியது, டார்ச்சின் வட்டத்துக்கு வெளியே பெல்ட்டும் பம்ப்பும் தங்கள் நிழல்களோடு நெருங்கி நின்றன. குழாயைத் தொட்டான். ஏரித் தண்ணீர் வரும் குழாய் ஜில்லென்று இருக்கவேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது. என்ஜின் சூடு இல்லை. அது தோலை உரிக்கும். இது காய்ச்சல் கண்ட குழந்தையின் கழுத்துச் சூடு. கையைக் கீழே நகர்த்தினான். என்ஜினைவிட்டு விலக விலக, அடிப்பலகையை நெருங்க நெருங்க, சூடு கூடியது.

அடிப்பலகையில் ஏரித் தண்ணீரைத் தடுக்கும் வால்வை மூடி, குழாயை வடிகட்டியோடு இறுக்கியிருந்த கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாயின் நுனியை ஏரி மட்டத்துக்கு மேலே வருமாறு மார்பளவுக்குத் தூக்கிப் பிடித்தான். வால்வைத் திறந்தான். குழாய்க்குள் தண்ணீர் ஏறவேண்டும். ஏறவில்லை. அவனுக்கு வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் வந்தது. அப்படியானால் வெளியில் உண்மையாகவே ஏதோ அடைத்திருக்கிறது! அவன் சொன்னது பொய்யே இல்லை.

மேலே மைத்துனன் குதித்த சத்தம் கேட்டது. அவன் வாயை வைத்து ஊதினான்.

முதலில் கல்லாக இருந்தது. இன்னும் பலமாக ஊதினான். எதுவோ இளகியது. உடனே அடியில், அவன் முழங்காலுக்கு நேர் கீழே, இரண்டு தட்டு. அதற்குள்ளாகவா? நல்ல பையன், கெட்டிக்காரன். குழாயை விரலால் அமுக்கிப் பார்த்தான். தண்ணீர் இல்லை. நுனியில் உள்ளங்கையை வைத்தான்.

குழாய் கையை உள்ளே இழுத்தது.

நீளமாக, ஒரே இழுப்பு. நின்றது. மறுபடி ஓர் இழுப்பு. பம்ப் ஓடவில்லை. என்ஜின் அணைந்திருக்கிறது. பிறகு எது இழுக்கிறது?

அப்போது புரிந்தது. கயிறு எதிலோ சிக்கியிருக்கிறது. மேலே வர முடியாமல் பையன் ஓட்டையில் வாயை வைத்திருக்கிறான். இந்தக் குழாய் வழியாக மூச்சு விடுகிறான்.

என்னால்தான். ஒரு சல்லடைக்காக.

அவன் வாயை வைத்து, நெஞ்சிலிருந்ததையெல்லாம் ஊதினான். கீழே வாங்கிக்கொண்டது. மறுபடி ஊதினான். வாங்கிக்கொண்டது. தலை சுற்றியது. அப்புறம் திருப்பி ஊதியது. வெதுவெதுப்பான காற்று. சேறும் துருவும், வெகுநாள் திறக்காத ஏதோ ஒன்றின் வாசனையும். நாக்கில் படிந்தது.

மனைவியைக் கூப்பிடவேண்டும். கூடை இல்லை, நான் பொய் சொன்னேன், உன் தம்பியை மேலே இழு என்று கத்தவேண்டும். அவள் என்ன நினைத்தால் என்ன, ஊரே சிரித்தால்தான் என்ன! முதல்முறையாக அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. வாயை எடுக்கப் போனான்.

வரவில்லை.

உதடு வரவில்லை. இழுத்தான். வலித்தது. வரவில்லை.

மேலே பலகையில் ஈரக் கால்களின் சத்தம். சொட்டும் தண்ணீர்.

"அக்கா, துண்டு குடு. அடியில ஒண்ணுமே இல்ல. ஓட்டை சுத்தமா இருக்கு."

"மாமா ஊதினாரே?"

"எங்க ஊதினாரு? ஒரு குமிழிகூட வரல."

அவன் ஸ்பேனரால் பலகையில் அடித்தான். ஓங்கி அடித்தான். இன்னும் ஓங்கி.

"மாமா என்ன பண்றாரு? நான் இறங்கிப் பாக்கவா?"

"வேண்டாம்டா." மனைவியின் குரலில் பெருமை இருந்தது. "அவரு வேலை செய்யும்போது எட்டிப் பாத்தா அவருக்குப் பிடிக்காது. இப்பவே பாத்தியா, மூடிவெச்சுக்கிட்டாரு."

ஸ்பேனர் வழுக்கியது. விழுந்தது. டார்ச்சும் உருண்டு, அதன் வெளிச்சம் வால்வின் மேல் நின்றது.

வால்வுக்குப் பக்கத்தில் குழாய் தடித்திருந்தது. மணிக்கட்டு அளவுக்கு. தடிப்பு மேலே நகர்ந்தது. ஒரு வளைவு. நின்றது. இன்னொரு வளைவு. இப்போது அவன் விரல்களுக்கு அடியில். சூடாக. ரப்பர் நெளிந்து அவன் பிடியை விலக்கியது.

மேலே அக்காவும் தம்பியும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

அவன் பற்களை இறுகக் கடித்துக்கொண்டிருந்தான். வழவழப்பான ஏதோ ஒன்று, அவசரமே இல்லாமல், அவற்றின் நடுவில் இடம் தேடிக்கொண்டிருந்தது.